ஒற்றுமைக்கு ஒரு பாராட்டுப் பத்திரம்

இந்த நாட்டில் ஒரு திணைக்களம் இன்னொரு திணைக்களத்தோடு பேசுவதில்லை என்று குறைப்படுகிறவர்கள் கொழும்பில் ஏராளம். கந்தோர் வாசலில் அரைநாள் காத்து நின்ற யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். நான் அந்தக் கட்சியில் இல்லை. மது, போதைப்பொருள் என்ற ஒரு விடயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பார்த்தாலே போதும். எங்கள் அரச சேவைகள் எவ்வளவு ஒற்றுமையாக, எவ்வளவு வேகமாக, எவ்வளவு பிசகில்லாமல் சேர்ந்து வேலை செய்யக்கூடியவை என்பது விளங்கும். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழ்கிற நாங்கள் அதைத் தினமும் காண்கிறோம். கண்டும் பாராட்டாமல் இருப்பது நன்றிகேடு. ஆகவே உரியவர்களுக்கு உரிய பாராட்டை வரிசைப்படி சொல்லிவிடுகிறேன்.

முதல் மரியாதை மதுவரித் திணைக்களத்துக்கு. 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டத்தின் கீழ், நூறு ஆண்டுகளுக்கு மேலாக, ஆட்சிகள் மாறியும் தளராமல் வேலை செய்கிற திணைக்களம் அது. நிதியமைச்சு ஆண்டுதோறும் ஓர் இலக்குக் கொடுக்கிறது. திணைக்களம் அதை எட்டப் பாடுபடுகிறது. 2024இல் 200 பில்லியன் ரூபாவுக்கு மேல் திரட்டிக் கொடுத்தது. பொருளாதாரம் குப்புற விழுந்து, பால்மாவுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்று களைத்த ஒரு நாட்டில் இது சாதாரணச் சாதனையல்ல. சனிக்கிழமை அந்தியில் காலி வீதிப் பக்கம் போய் ஒரு வைன் ஸ்டோர்ஸ் முன்னால் நின்று பாருங்கள். கம்பிக் கிராதிக்கு இந்தப் பக்கம் நாட்கூலியை எண்ணிப் பிடித்திருக்கும் கை. அந்தப் பக்கத்திலிருந்து கடதாசியில் சுற்றிய கால் போத்தல். அரை நிமிடத்தில் காரியம் முடிகிறது. யாரையும் நாளைக்கு வா என்று திருப்பி அனுப்புவதில்லை. எந்தப் பத்திரமும் கேட்பதில்லை. சிங்களம் தெரியாதவரும் தன் தேவையைச் சொல்லி முடிக்கலாம்.

அந்தப் போத்தலின் மூடியைக் கவனியுங்கள். அதில் ஒரு பாதுகாப்பு ஒட்டி இருக்கும். வரி கட்டிய போத்தலா, கள்ளப் போத்தலா என்பதைக் கைத்தொலைபேசியாலேயே சோதித்துக்கொள்ளலாம். நாட்டில் விற்பனையாகும் ஒவ்வொரு போத்தலையும் அரசாங்கம் பிறந்த இடத்திலிருந்து பின்தொடர்கிறது. போத்தல் ஒன்று கணக்கிலிருந்து நழுவிவிடக்கூடாது என்பதில் அவ்வளவு கரிசனை. அதைக் குடித்தவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கும், வீட்டிலிருந்து பொலிஸுக்கும், பொலிஸிலிருந்து நீதிமன்றத்துக்கும் போகிற வழியில் எந்தப் புத்தகத்திலும் தொடர்ச்சியாகப் பதிவாவதில்லை. அவர் மீது ஒட்டி எதுவும் இல்லை.

அடுத்தது உரிமப்பத்திரம். ஒரு மதுபானக் கடைக்கு உரிமம் கொடுப்பதென்றால் விதிப்படி பல கைகள் சேர வேண்டும். பிரதேச செயலகம் கருத்துச் சொல்ல வேண்டும். பொலிஸ் அறிக்கை வேண்டும். மதுவரி உத்தியோகத்தர் இடத்தைப் பார்த்து, பள்ளிக்கூடத்துக்கும் கோயிலுக்கும் எத்தனை மீற்றர் என்று அளக்க வேண்டும். இத்தனை தரப்பும் இணங்கி ஒரு முடிவுக்கு வருவதுதான் உலகமெல்லாம் கூட்டுச் செயற்பாடு என்று புகழப்படுவது. 2024 ஜனவரி முதல் வழங்கப்பட்ட உரிமங்களின் பட்டியல் அந்த ஆண்டு டிசம்பரில் பாராளுமன்றத்தில் வைக்கப்பட்டது. மொத்தம் 361. மேல் மாகாணத்துக்கு 110. போரில் கூரை, கிணறு, ஆடு, மாடு எல்லாவற்றையும் இழந்த கிளிநொச்சி மாவட்டத்துக்கு 16. காணாமல் போன பிள்ளையின் படத்தை ஏந்திக்கொண்டு தாய்மார் ஆண்டுக்கணக்கில் வீதியோரம் இருக்கும் ஊர் அது. அங்கே ஒரு கோரிக்கைக்காவது அரச இயந்திரம் இவ்வளவு விரைந்து செவிசாய்த்திருக்கிறது.

சுகாதாரத் தரப்பையும் விட்டுவிட முடியாது. புகையிலை, மதுசாரம் ஆகியவற்றுக்கென ஒரு தேசிய அதிகாரசபையை 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் உருவாக்கியது. 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கக்கூடாது, விளம்பரம் செய்யக்கூடாது என்று அந்தச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. தெற்காசியாவில் நல்ல சட்டங்களுள் ஒன்று. இதில் நான் வியப்பது வேறொன்று. ஒரே அரசாங்கத்தின் ஓர் அமைச்சு மதுவின் வருமானத்தைக் கூட்டுவதற்கு இலக்கு வைக்கிறது. இன்னோர் அமைச்சு மதுவின் பாவனையைக் குறைப்பதற்குச் சுவரொட்டி அடிக்கிறது. இரண்டும் இத்தனை ஆண்டுகளாக ஒரே அமைச்சரவை மேசையில் அமர்ந்திருக்கின்றன. ஒன்றையொன்று மனம் நோகச் செய்ததில்லை. போயா நாளில் கடைகள் மூடப்படுகின்றன. முதல் நாள் இரவு வரிசை நீள்கிறது. இரண்டு தரப்பும் வென்றுவிடுகின்றன.

இனிப் பொலிஸார். கொட்டாஞ்சேனையில் பொலிஸாரின் உழைப்பைப் பாராட்டாமல் யாரும் உறங்கப் போக முடியாது. 2023 டிசம்பர் 17ஆம் திகதி போதைப்பொருளுக்கு எதிரான ‘யுக்திய’ நடவடிக்கை தொடங்கியது. சில வாரங்களிலேயே 29,000க்கும் மேற்பட்டோர் கைதானதாக ஐக்கிய நாடுகளின் மனித உரிமை நிபுணர்கள் 2024 ஜனவரியில் குறிப்பிட்டார்கள். நடவடிக்கையை இடைநிறுத்துமாறும் கேட்டுக்கொண்டார்கள். அவர்கள் கவலைப்பட்டார்கள். நானோ அந்த ஒத்துழைப்பைக் கண்டு மலைத்துப் போனேன். பொலிஸ் பிடிக்கிறது. நீதவான் முன் நிறுத்துகிறது. பிடிபட்ட பொட்டலம் அரச இரசாயனப் பகுப்பாய்வாளரிடம் போகிறது. அறிக்கை வரும்வரை விளக்கமறியல். சிறைச்சாலை வாகனம் தவறாமல் வருகிறது. நான்கு நிறுவனங்கள் ஒரு சங்கிலியாக நிற்கின்றன. அதில் ஒரு கண்ணியிலும் ஒரு வைத்தியர் குறுக்கிட்டு வேகத்தைக் குறைப்பதில்லை.

சிறைச்சாலைகளின் பெருந்தன்மையும் சொல்லப்பட வேண்டியது. கட்டிய அளவைப் போல இரண்டு மடங்குக்கு மேற்பட்டோரை அவை வாங்கி வைத்துக்கொள்கின்றன. தண்டனை பெற்று உள்ளே போகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் போதைப்பொருள் வழக்குக்காரர்கள். தண்டப்பணம் கட்ட வழியில்லாமல் போனவர்களும் அவர்களுக்குள் நிறைய. ஒருவன் பக்கத்தில் இன்னொருவன் சரிந்து படுக்கவும் இடமில்லாத கூடத்தில், ஐஸ் இழுத்த 19 வயதுப் பொடியனை அதை மொத்தமாக விற்றவனோடு சேர்த்து இருத்துகிறார்கள். பொடியனுக்கு ஆலோசகர் கிடைக்காமல் போகலாம்; ஆசான் கிடைத்துவிடுகிறான்.

தூக்குமரத்துக்குக்கூட இந்த நாட்டில் ஒரு நிருவாக ஒழுங்கு உண்டு. 1976க்குப் பிறகு யாரும் தூக்கிலிடப்படாத நாடு இது. 2019இல் போதைப்பொருள் குற்றவாளிகளுக்குத் தூக்குத் தண்டனையை மீண்டும் நிறைவேற்ற அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன தீர்மானித்தார். உடனே அலுகோசுப் பதவிக்குப் பத்திரிகையில் விளம்பரம் வந்தது. ஒழுக்கம் வேண்டும், மனவலிமை வேண்டும் என்று தகைமைகள் வரையறுக்கப்பட்டன. நூற்றுக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். உயர் நீதிமன்றம் தடுத்திராவிட்டால் தூக்குமரமும் இயங்கியே இருக்கும். போதையிலிருந்து மீட்கும் வேலைக்குத் தமிழ் பேசும் உளவளத்துணையாளர்கள் வேண்டும் என்று அவ்வளவு பெரிதாக, அவ்வளவு அவசரமாக ஒரு விளம்பரத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

கந்தக்காட்டைப் பாராட்டாமல் இந்தப் பத்திரம் நிறைவு பெறாது. பொலன்னறுவைப் பக்கத்துக் காட்டில் ஒரு முகாம். போர் முடிந்ததும் முன்னாள் போராளிகள் அங்கே வைக்கப்பட்டார்கள். பிறகு போதைப்பொருள் பாவித்தவர்கள். 2020இல் கொரோனாத் தனிமைப்படுத்தல். ஆயுதம் ஏந்தியவன், தொற்றுக்கு ஆளானவன், போதைக்கு அடிமையானவன் ஆகிய மூவருக்கும் ஒரே வேலி, ஒரே சீருடைக் காவல். மூன்றுக்கும் தனித்தனிச் சிகிச்சை தேடி அரசாங்கத்தின் காசைக் கரைக்கவில்லை. 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டப்படி நீதிமன்ற உத்தரவோடு ஒருவரைக் கட்டாயச் சிகிச்சைக்கு அனுப்பலாம். 2022 ஜூனில் கந்தக்காட்டில் ஒருவர் உயிரிழந்தார். அடுத்த நாள் நூற்றுக்கணக்கானோர் வேலி தாண்டி ஓடினார்கள். அந்த மரணம் தொடர்பாக இராணுவத்தையும் விமானப்படையையும் சேர்ந்த சிலர் கைதானார்கள். இப்படியான கட்டாயத் தடுப்பு நிலையங்களை மூடுங்கள் என்று ஐ.நா.வின் பன்னிரண்டு அமைப்புகள் 2012இலேயே கூட்டாகக் கேட்டிருந்தன. எங்கள் பாராளுமன்றம் பதறவில்லை. 2023 ஜனவரியில், அப்படியான நிலையங்களை நடத்துவதற்கான புனர்வாழ்வுப் பணியகச் சட்டமூலத்தை எடுத்து நிறைவேற்றியது. ஆதரவாக 23 வாக்கு, எதிராக 6. மொத்த உறுப்பினர் 225. எஞ்சிய எல்லோரும் ஒருவரோடொருவர் முரண்படாமல் இருந்தார்கள்.

இதுவரை சொன்னது சேர்ந்து வேலை செய்யும் திறமை. அடுத்தது, ஒருவர் எல்லைக்குள் மற்றவர் கால் வைக்காத பண்பு. போதைப்பொருள் பற்றி ஆலோசனை வேண்டுமா? தொலைபேசி இலக்கம் 1927: தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை. மனநலம் குலைந்திருக்கிறதா? 1926: தேசிய மனநல நிறுவகம். புகையை விட வேண்டுமா? 1948: புகையிலை, மதுசார அதிகாரசபை. பக்கத்துத் தோட்டத்தில் கசிப்பு விற்கிறார்களா? 1913: மதுவரித் திணைக்களம். ஒரே மனிதன் பகலில் கசிப்புக் குடித்து, பின்னேரம் புகைத்து, இரவில் குடு இழுத்து, விடியப் போகும் நேரம் சாக வேண்டும் என்று அழுகிறவனாக இருந்தால் அவனுடைய அம்மா நான்கு இலக்கங்களையும் மனனம் செய்துகொள்ள வேண்டும். ஒரு நிறுவனம் இன்னொன்றின் நோயாளியைப் பறித்துக்கொள்வதே இல்லை.

1984ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான அந்தக் கட்டுப்பாட்டுச் சபை தலங்கம, கண்டி, காலி, நிட்டம்புவ ஆகிய இடங்களில் வதிவிடச் சிகிச்சை நிலையங்களை நடத்திவருகிறது. அங்கே வேலை செய்கிறவர்களில் மனச்சாட்சியோடு உழைப்பவர்களை நான் அறிவேன். அவர்களுக்கு என் பாராட்டில் எந்த உள்ளர்த்தமும் இல்லை. சுமித்ரயோவின் மெல் மெதுரவில் தொண்டர்களாக வந்து காது கொடுத்துக் கேட்கிறவர்களுக்கும், 1987 முதல் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பேசுகிற அடிக் நிறுவனத்துக்கும் அப்படித்தான். ஆனால் அந்த நான்கு ஊர்ப் பெயர்களையும் கொட்டாஞ்சேனையில் நின்றுகொண்டு ஒரு முறை உரக்கச் சொல்லிப் பாருங்கள். தமிழில் அழுது, தமிழில் பொய் சொல்லி, தமிழில் திருந்த வேண்டிய ஒரு பிள்ளைக்கு எது கிட்ட?

கொழும்பு, திம்பிரிகஸ்யாய ஆகிய இரண்டு பிரதேச செயலகப் பிரிவுகளும் இருமொழி நிர்வாகப் பிரிவுகள். கொட்டாஞ்சேனை முதலாவதில், வெள்ளவத்தை இரண்டாவதில். சட்டத்தில் மொழி இருக்கிறது, பெயர்ப்பலகையிலும் இருக்கிறது. நாற்காலியில் இல்லாத இடத்தில் அந்தக் குறையை யார் தீர்க்கிறார்கள் என்பதை நான் ஒரு கந்தோரில் பார்த்தேன். ஜிந்துப்பிட்டிப் பக்கத்து அம்மா ஒருவர் வந்திருந்தார். கையில் சொப்பின் பை. அதற்குள் ஒரு கோப்பு: கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழ், மகனின் அடையாள அட்டைப் பிரதி, ஆஸ்பத்திரி கிளினிக் கொப்பி, பொலிஸ் முறைப்பாட்டு இலக்கம் எழுதிய துண்டு, பால்மாப் பெட்டி அட்டையின் பின்பக்கத்தில் நீதிமன்றத் தவணைத் திகதிகள். பக்கத்தில் பள்ளிக்கூட உடுப்போடு அவருடைய மகள். பதின்மூன்று வயது இருக்கும். உத்தியோகத்தர் சிங்களத்தில் கேட்டார். பிள்ளை தாயின் பக்கம் திரும்பியது.

“அம்மா, அண்ணன் எத்தன வருசமா குடு பாவிக்கிறாருன்னு கேக்குறாங்க.”

“தெரியாதுன்னு சொல்லு.”

“வீட்டு சாமானெல்லாம் வித்தாரான்னு கேக்குறாங்க.”

தாய் பதில் சொல்லவில்லை. பிள்ளை தானாகவே சிங்களத்தில் ஏதோ சொன்னது. உத்தியோகத்தர் எழுதிக்கொண்டார். அவர் கடுமையாக நடந்துகொள்ளவில்லை. பேனையைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பிள்ளைக்குக் குடிக்கத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். அவரால் கொடுக்கக்கூடியது அதுதான். அன்று அந்தப் பிள்ளைக்குப் பாடசாலை இல்லாமல் போனது. இந்த நகரத்தில் சுகாதாரத்தையும் பொலிஸையும் நீதிமன்றத்தையும் பிரதேச செயலகத்தையும் உண்மையில் இணைத்து வைத்திருப்பவர் யார் என்று கேட்டால் நான் அந்தச் சொப்பின் பையைத்தான் காட்டுவேன். ஒவ்வொரு மேசையிலும் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியவரும் அந்தத் தாய்தான். சம்பளம் இல்லை, பஸ் காசு இல்லை, விடுமுறையும் இல்லை. அரசாங்கம் தன் மிகக் கடினமான வேலையை ஒப்படைப்பதற்கு இவ்வளவு நம்பிக்கையான ஒருவரைத் தேர்ந்தெடுத்ததற்குப் பாராட்டியே ஆக வேண்டும்.

வெள்ளவத்தையின் பண்பு வேறு விதம். இங்கே தொடர்மாடிகளின் ஒன்பதாம் மாடியிலும் போத்தல் திறக்கிறது, ஐஸ் வருகிறது. ஆனால் சத்தம் வெளியே வருவதில்லை. வழக்கறிஞரைத் தெரியும், தனியார் வைத்தியரைத் தெரியும், ஒன்றும் சரிவராவிட்டால் பிள்ளையை லண்டனிலோ கனடாவிலோ இருக்கும் மாமாவிடம் அனுப்பலாம். தங்கைக்குக் கலியாணம் பேசும் நேரத்தில் அண்ணனைப் பற்றி வாய் திறக்கக்கூடாது என்ற கட்டுப்பாடு ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. விடிகாலையில் நாய்களோடும் விளக்குகளோடும் சுற்றிவளைக்கப்படுவது தோட்டங்களும் முடுக்குகளும்தான். பாதுகாவலர் வாசலில் நிற்கும் மாடிக் கட்டடங்களுக்கு அந்தத் தொந்தரவு குறைவு. மாடியில் வசிப்பவர்களின் உறக்கத்துக்கு இவ்வளவு மதிப்புக் கொடுக்கும் சட்ட ஒழுங்கும், தன் பிள்ளையின் நோயைத் தானே மறைத்துச் சட்டத்துக்கு உதவுகிற நடுத்தர வர்க்கமும் ஒருவரையொருவர் நன்றாகவே விளங்கிக்கொண்டவர்கள். கோயில் வீதியில் சந்தித்துக்கொள்ளும் எங்களில் எவருக்கும் இந்தப் பாராட்டில் பங்கில்லை என்று சொல்ல முடியாது.

2025இல் கொட்டாஞ்சேனை இன்னொன்றையும் பார்த்தது. பெப்ரவரி 21ஆம் திகதி இரவு ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். கைதான சந்தேகநபர்கள் இருவர் விடியும் முன்பே பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள். வழக்குகள் பத்துப் பதினைந்து ஆண்டு இழுபடும் நாட்டில் முறைப்பாடும் விசாரணையும் முடிவும் ஓர் இரவுக்குள் அடங்கிவிட்டன. அதே ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி, கொட்டாஞ்சேனைக்குக் கிட்ட உள்ள சுகததாச உள்ளரங்கில், ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க ‘முழு நாடும் ஒன்றாக’ என்ற போதைப்பொருள் ஒழிப்புத் தேசிய நடவடிக்கையைத் தொடங்கிவைத்தார். அமைச்சுகள், முப்படை, பொலிஸ், மதத் தலைவர்கள் என எல்லோரையும் ஒரே திட்டத்துக்குள் கொண்டுவரும் ஏற்பாடு. எண்ணம் நல்லது, அதை மனதார வரவேற்கிறேன். முந்திய ஆட்சிகளும் இப்படி மண்டபங்களை நிறைத்து, உறுதிமொழி எடுத்து, கைதுக் கணக்கை நாள்தோறும் வெளியிட்டவைதான். பிடித்தவர்களின் எண்ணிக்கையைக் காலைச் செய்தியில் சொல்லத் தெரிந்த எங்களுக்கு, மீண்டவர்களின் எண்ணிக்கையைச் சொல்லும் பழக்கம் வரவில்லை.

போர்த்துக்கல்லில் 2001 ஜூலையிலிருந்து வேறொரு பழக்கம். சொந்தப் பாவனைக்கு என்று பத்து நாளைக்குப் போதுமான அளவுக்கு உட்பட்டு ஒருவர் வைத்திருந்தால் அவரைச் சிறைக்கு அனுப்புவதில்லை. மூன்று பேர் கொண்ட குழுவிடம் அனுப்புகிறார்கள். சட்டம் தெரிந்தவர், சுகாதாரம் தெரிந்தவர், சமூக வேலை தெரிந்தவர் என்று அந்த மேசை அமையும். பொருள் இன்னும் சட்டவிரோதம்தான். விற்பவனுக்கு இன்னும் சிறைதான். பாவித்தவரிடம் மட்டும், உனக்கு என்ன நடந்தது என்று முதலில் கேட்கிறார்கள். அதற்கு ஒரு புதிய காடு வேண்டியிருக்கவில்லை. மூன்று நாற்காலிகள் போதுமாக இருந்தன.

எங்களிடம் நாற்காலிகளுக்குப் பஞ்சமில்லை. பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் உண்டு. மாநகர சபையிடம் சுகாதாரப் பிரிவு உண்டு. பொலிஸில் சிறுவர், பெண்கள் பணியகம் உண்டு. நன்னடத்தை உத்தியோகத்தர், கிராம உத்தியோகத்தர், அரச ஆஸ்பத்திரியின் மனநல வைத்தியர் என எல்லோரும் சம்பளப் பட்டியலில் இருக்கிறார்கள். கொழும்புப் பிரதேச செயலகத்தில் வாரத்தில் ஒரு காலை, திம்பிரிகஸ்யாயவில் வாரத்தில் ஒரு காலை இவர்கள் ஒரே அறைக்குள் வரட்டும். தமிழ் பேசும் ஒருவர் கட்டாயம் இருக்கட்டும், அந்தப் பதின்மூன்று வயதுப் பிள்ளை பாடசாலைக்குப் போவதற்காக. அம்மா கதையை ஒரு முறை மட்டும் சொல்லட்டும். மீதியைக் கோப்பு சொல்லட்டும். மதுவரி வருமானத்திலிருந்து நிதியமைச்சு ஒரு சிறு பங்கை இதற்கென்று சட்டப்படி ஒதுக்கி வைக்கட்டும். போத்தலைப் பின்தொடரும் அதே கரிசனையோடு, சிகிச்சைக்கு வந்த மனிதனை ஓராண்டாவது பின்தொடரட்டும்.

ஆளில்லை, அதிகாரமில்லை, திணைக்களங்கள் இணங்காது என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம். நான் அவர்களுடைய திறமையைக் குறைத்து மதிப்பிடுகிறவன் அல்ல. ஒரு கடையைத் திறப்பதற்காக இணங்கக்கூடிய பிரதேச செயலகமும் பொலிஸும் மதுவரியும், ஒரு பிள்ளையைத் திருப்பிக் கொண்டுவருவதற்காகவும் இணங்க முடியும். இந்த அரச இயந்திரம் அதை ஒரே ஆண்டில் 361 தடவை நிரூபித்திருக்கிறது.